நிற்பதும் தேய்மானமே

தாம்பரம் இரயில் நிலையத்தின் மேற்கே முடிச்சூர் சாலை வழியாகவோ, கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் வழியாகவோ நடந்து செல்வோர் தெருவுக்கு நான்கைந்து வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம். சாம்பல் நிற உறை போர்த்திய கார் ஒன்று வாசலில் நிற்கும். உறையின் மேல் வேப்பம்பழக் கறையும் காக்கை எச்சமும் படிந்திருக்கும். டயர்களின் அடியில் புல் முளைத்திருக்கும். அது பல வாரங்களாக, சில வீடுகளில் பல மாதங்களாக, அசையவில்லை என்பதை அந்தப் புல்லே சொல்லிவிடும்.

வாங்கிய காரை ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்? காரணங்கள் பல. 1931-ஆம் ஆண்டு முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடுகிறது. ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் காரோடு சிக்குவதைவிட இரயிலில் ஏறிக்கொள்வது அறிவுடைமை என்று அலுவலகம் செல்வோர் கருதுகின்றனர். வேறு வீடுகளில், கார் வாங்கிய மகன் துபாயிலோ டொராண்டோவிலோ இருக்கிறான். அவன் விடுமுறையில் வரும்போது ஓட்டுவதற்காக வண்டி காத்திருக்கிறது. இன்னும் சில வீடுகளில் ஓட்டியவருக்குக் கண் மங்கிவிட்டது, அல்லது அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்.

இவ்வீடுகளுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்கும் பதில் ஒன்றே: "ஓடினாத்தானே ஃபாதர் தேயும்? சும்மா நிக்குது, அதுக்கு என்ன ஆகப் போகுது?" இவ்வெண்ணம் இயல்பானது. ஆனால் உண்மை இதற்கு நேர்மாறானது.

கார் என்பது ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்ட கருவி. ஓடும்போது பேட்டரி தன்னைத்தானே நிரப்பிக்கொள்கிறது. எண்ணெய் உறுப்பெங்கும் பரவித் துருவைத் தடுக்கிறது. எஞ்சினின் வெப்பம் உள்ளே படிந்த ஈரத்தை விரட்டுகிறது. பிரேக் தன் துருவைத் தானே தேய்த்துக் களைகிறது. நின்றுவிட்டால் இப்பணிகள் யாவும் நின்றுவிடுகின்றன. கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் மட்டும் பேட்டரியை இரவும் பகலும் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. எனவே நிற்பதும் ஒருவகைத் தேய்மானமே. சத்தமில்லாத தேய்மானம் என்பதால் நாம் அதை அறிவதில்லை.

2020-ஆம் ஆண்டு இதை ஊர் முழுவதற்கும் கற்பித்தது. மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் மாதத்தில் உள்நாட்டில் ஒரு கார் கூட விற்கவில்லை என்று பெருநிறுவனங்களே அறிவித்தன. ஜூன் 19 முதல் சென்னையிலும், சூழ்ந்துள்ள செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பகுதிகளிலும் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது. அந்நாள்களில் நாம் தென் புறநகரில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு நள்ளிரவில் நமது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவருக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்தார்கள். வண்டிகள் யாவும் நோயாளிகளோடு ஓடிக்கொண்டிருந்தமையால் காத்திருக்கும்படி பதில் வந்தது. அவர் மகள் நமக்குத் தொலைபேசியில் அழுதார்.

அத்தெருவில் மூன்று கார்கள் இருந்தன. முதல் காரில் சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்றொரு ஒலி மட்டுமே வந்தது, பேட்டரி செத்திருந்தது. இரண்டாவது கார் ஸ்டார்ட் ஆனது, ஆனால் நகரவில்லை. மூன்று மாதங்களாக ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றதில், பின் சக்கரத்தின் பிரேக் பட்டை டிரம்மோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது, இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடைய பழைய சிறிய கார். அது முதல் திருப்பலிலேயே உயிர்பெற்றது. முதியவர் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையைக் குறித்த நேரத்தில் அடைந்தார், பிழைத்தார்.

சில நாள்கள் கழித்து அப்பெரியவரிடம் நன்றி சொன்னோம். அவர் தாம்பரம் மின்சார இரயில் பணிமனையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். "ஓடுற வண்டி தன் கோளாறைச் சத்தத்துல சொல்லிடும் ஃபாதர். நிக்கிற வண்டி சொல்லாது. நாமதான் போய்ப் பார்க்கணும்," என்றார். அவர் சொன்ன முறைகளையும், நமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் விளக்கியவற்றையும் வாசகர் நலன் கருதி இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது பேட்டரி. முழுமையாக நிரம்பிய பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்ய வேண்டும். வெறுமையாகவே நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலிமை திரும்பாது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் எனப் பலர் நம்புகின்றனர். ஸ்டார்ட் செய்யச் செலவாகும் மின்சாரமே அந்த ஐந்து நிமிடத்தில் முழுதாய்த் திரும்புவதில்லை. எஞ்சினும் சூடேறாமல், எண்ணெயிலும் சைலன்சரிலும் நீர் சேர்கிறது. இரு வாரங்களுக்கு ஒருமுறையாவது இருபது, முப்பது நிமிடம் சாலையில் ஓட்டி வருவதே நன்று; அப்போது ஏ.சி.யையும் பத்து நிமிடம் இயக்கலாம். ஓட்ட ஆளில்லையெனில், பேட்டரியின் கருப்பு நிற எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைக்கலாம். அல்லது சார்ஜர் கொண்டு அவ்வப்போது நிரப்பலாம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆனால் அது ஆளைக் கொல்லும்.

இரண்டாவது பிரேக்கும் டயரும். சமதரையில் நெடுநாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டியை முதல் கியரில் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல்லோ மரக்கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அங்கே தட்டையாகிவிடும். 30 பவுண்டு காற்று வைக்கும் டயருக்கு 33 வைத்து, இரு வாரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரடியேனும் நகர்த்தினால் போதும். மீண்டும் ஓட்டத் தொடங்கும்போது காற்றைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட வேண்டும்.

மூன்றாவது எரிபொருள். இன்று நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டாங்கி பாதி காலியாக இருந்தால் அவ்வெற்றிடத்தின் ஈரக்காற்று குளிர்ந்து நீராகும். ஆகவே நெடுநாள் நிறுத்துமுன் டாங்கியை நிரப்பி வைப்பதே முறை. எஞ்சின் எண்ணெய் பழையதாயின் மாற்றிவிட வேண்டும். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலம் நிற்கும் எஞ்சினையும் அரிக்கும்.

நான்காவது ஈரமும் எலியும். 2020-இல் உலகின் விமான நிறுவனங்கள் பறக்காத விமானங்களை எங்கே நிறுத்துவதென்று திகைத்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்கள் சிலவற்றை ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் பாலைவன ஊருக்கு அனுப்பி வைத்தது. அங்கே காற்று உலர்ந்தது. உலோகம் எளிதில் துருப்பிடிக்காது. நமக்கு வாய்த்ததோ கடற்காற்றும் வடகிழக்குப் பருவமழையும். எனவே பிளாஸ்டிக் உறை வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது. போர்த்துமுன் வண்டியைக் கழுவி உலர்த்த வேண்டும். உள்ளே தின்பண்டத் துணுக்குகள் இருந்தால் எலி வரும். வந்தால் வயர்களைக் கடிக்கும். வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து வெளிச்சம் படவைத்தாலே எலிக்கு அவ்விடம் பிடிக்காமற் போகும். ஸ்டார்ட் செய்யுமுன் பானெட்டை இருமுறை தட்டுவது நல்லது. உள்ளே பூனைக்குட்டி உறங்கக்கூடும்.

இவை யாவற்றிற்கும் மேலாக நம் பகுதிக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது, நின்ற இடத்திலேயே கார்கள் கூரை வரை முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் புறநகர்கள் தப்பவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதை நாளிதழ்களில் கண்டோம். பட்டறிந்தவர் செய்கை அது. ஆனால் ஏற்றி நிறுத்த, வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டுமன்றோ? ஒருவேளை வண்டி நீரில் முழுகிவிட்டால், நீர் வடிந்தபின் ஆவலினால் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப் போல் அமுங்காது. எஞ்சினின் உள்ளுறுப்புகள் வளைந்து முறியும். சாதாரணக் காப்பீடு அச்சேதத்தை ஏற்காமல் போகலாம். பேட்டரியைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதே வழி.

கார் நின்றாலும் காகிதங்களின் நாள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். காப்பீடு காலாவதியாகி 90 நாள்கள் கடந்தால், விபத்தின்றி ஓட்டியமைக்குச் சேர்ந்த கட்டணச் சலுகையும் போய்விடும். புகைச் சான்றும் பதினைந்து ஆண்டுகளில் முடியும் பதிவும் அவ்வாறே கவனிக்க வேண்டியவை.

ஸ்டாண்டர்டு கார்கள் 1988 வரை வண்டலூரில் உருவாயின. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022-இல் நின்றது. திருப்பெரும்புதூரில் இன்றும் கார்கள் பிறக்கின்றன. இவ்வாறு கார் செய்யும் ஊர்களுக்கு நடுவே வாழும் நாம், வாங்குவதற்குக் கடன் தேடுகிறோம். வைத்துக் காப்பதற்கு வாரத்தில் அரைமணி நேரம் தேடுவதில்லை.

எனினும் எல்லாக் கார்களையும் காத்துத்தான் ஆக வேண்டுமா? மாடம்பாக்கம் பக்கம் கைம்பெண் ஒருவர், மறைந்த கணவரின் காரைப் பதினான்கு மாதங்கள் உறையிட்டு வைத்திருந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. விற்கச் சொன்ன உறவினரோடு வருத்தம். "அவர் உட்கார்ந்த சீட்டு ஃபாதர், எப்படிக் கொடுப்பேன்?" என்று நம்மிடம் கேட்டார். விற்கும்படி நாம் சொல்லவில்லை. மெக்கானிக்கை மட்டும் அழைத்துச் சென்றோம். அவர் பானெட்டைத் திறந்து, எலி கடித்த வயரையும் வெடித்த ரப்பர் குழாய்களையும் அம்மையாருக்குக் காட்டினார். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

அடுத்த மாதம், இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியரான தம் தங்கை மகளுக்கு அக்காரை அவர் கொடுத்துவிட்டார். பழுதுபார்க்கச் செலவானது, ஆனால் இப்போது அது நாள்தோறும் ஓடுகிறது. ஞாயிறுதோறும் அம்மையாரைத் திருப்பலிக்கு அழைத்து வருவதும் அதே கார்தான். முன்பு போலவே இடப்பக்க முன்னிருக்கையில்தான் அவர் அமர்கிறார்.

எனவே வாசகர் தம் வாசலில் நிற்கும் வண்டியை இந்த வாரம் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். மகன் வரும் வரை காப்பதானால் முறையாகக் காப்போம். உரிமம் பெற்ற நம்பகமான அண்டை வீட்டாரிடம் ஒரு சாவியையும் கொடுத்து வைப்போம். நள்ளிரவில் யாருக்கு அது தேவைப்படும் என்பதை யாரறிவார்? காக்க இயலாதெனில், ஓட்டுபவர் ஒருவருக்கு அது இன்னும் பயன்படும் நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுவோம்.