இணைந்து சுமத்தல்

திருவண்ணாமலைக் கார்த்திகைத் திருவிழாவில் ஏழாம் நாள் தேரோட்டம். அன்றிரவு எங்கள் தெருத் தண்ணீர்ப்பந்தலுக்கு விளக்கமைக்கும் பொறுப்பு ஒருமுறை எனக்கு வாய்த்தது. விளக்குகளுக்கு 5 வோல்ட் அழுத்தத்தில் 1.6 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். என்னிடமிருந்த மின்னழுத்தச் சீராக்கி ஒவ்வொன்றும் 1 ஆம்பியரே தரும். ஆதலின் இரண்டின் வெளியீடுகளை ஒன்றாக இணைத்தேன். சற்று நேரத்தில் ஒன்று கையைச் சுட்டது, மற்றொன்று சூடேறவில்லை. விளக்குகள் மங்கின, அடியார்கள் தடுமாறக் கண்டு நாணினேன்.

தனித்தனியே அளந்து பார்த்தேன். சூடேறியதன் வெளியீடு 0.1 வோல்ட் மிகுதி. அதனால் அதுவே பெரும்பாரம் சுமந்து தளர்ந்தது. ஒவ்வொன்றன் வெளியீட்டிலும் 0.5 ஓம் மின்தடை சேர்த்தேன். மிகுதியாகச் சுமப்பதன் அழுத்தம் மின்தடையில் மிகுதியாகக் குறைய, மற்றதும் தோள்கொடுத்தது: ஒன்று 0.9, மற்றொன்று 0.7 ஆம்பியர்.

தேர்வடத்திலும் முந்துவோன் சற்றே தணிந்தால்தான் அனைவர் வலிமையும் சேரும். தேரும் நிலைக்கு வரும்.