பழையதை வைத்திருக்கலாமா?

கட்டுகஸ்தோட்டையில் தெரிந்த அண்ணாவின் போட்டோகொப்பிக் கடைக் கணினியில் இன்னும் பழைய ஃபிளாஷ் பிளேயர் மென்பொருள் கிடக்கிறது. "இத்தன வருசமா ஒன்னும் ஆகலையே தம்பி, ஏன் எடுக்கணும்?" என்கிறார்.

2020 டிசெம்பரோடு அடோபி அதைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடுவதுமில்லை. பாதுகாப்பு ஓட்டை மட்டும்தான் மிச்சம்.

2023 ஓகஸ்டில் நம் இலங்கை அரச மின்னஞ்சல் சேவை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் சிக்கியது நினைவிருக்கிறதா? அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஆதரவு முடிந்துபோன எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருள். மே நடுப்பகுதியிலிருந்து வந்த கடிதங்களெல்லாம் போயின. காப்புப் பிரதியும் தப்பவில்லை.

ஊர்ச்சனம் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் நம்பி ஸ்கேன் செய்யக் கொடுக்கும் கணினி அண்ணாவின் கடையில் இருப்பது. பயன்படாததை நீக்கிவிடுங்கள். பழைய மென்பொருள் இல்லாமல் வேலை நடக்காதென்றால், அந்தக் கணினிக்கு இணையத் தொடர்பு கொடுக்காதீர்கள்.