பகலுணவு வானும் ஒழிபளவையும்

அளவையியல் என்றதும் அஞ்சி ஒதுங்குவோர் கலைப்பீடத்திற் பலர். உயர்தர வகுப்பில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பாடத்தைப் பயின்று வந்தோர்கூடப் பரீட்சை முடிந்ததும் அதனைப் பழைய கொப்பிகளோடு கட்டி வைத்துவிடுகின்றனர். ஆயினும் அதே மாணவர் கையில் ஒரு புதிர் அகப்பட்டால் அதனை எளிதில் விடுவதில்லை. கிடைத்த தாளிற் கட்டங்கள் கீறிப் புள்ளடியிட்டு, விடை காணும்வரை ஓயார். தாம் செய்வது அளவையியலே என்பதை மட்டும் எண்ணிப் பாரார்.

இவ்விரண்டுக்கும் உள்ள உறவு புதியதன்று. லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரிற் சிறுவர் கதைகள் எழுதிய ஆங்கிலக் கணித அறிஞர், 1896 இல் வெளியிட்ட தமது குறியீட்டு அளவையியல் நூலில் வேடிக்கையான எடுத்துக்காட்டுகளைக் கொண்டே அத்துறையைக் கற்பித்தார். 1962 இல் ‘லைஃப் இன்ரர்நஷனல்’ சஞ்சிகையில் ஐந்து வீடுகளையும் வரிக்குதிரையையும் பற்றிய புதிர் வெளிவந்தது. ஐன்ஸ்ரைன் தம் இளமையில் ஆக்கிய புதிர் அது என்று கூறுவாருமுளர். அதற்குச் சான்று இல்லை. அப்புதிரின் வழித்தோன்றல்கள் இன்று எண்ணில. வீடுகளின் இடத்திற் கடைகள் வரும். கடைகளின் இடத்திற் பகலுணவு விற்கும் வானும் வரும்.

நண்பகலில் அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழக வாயில்களுக்கும் அருகே சோற்றுப் பார்சல் விற்கும் வான்கள் வந்து நிற்பது இலங்கையில் நாளாந்தக் காட்சி. சோறும் பருப்பும் சம்பலும் எல்லாப் பார்சலுக்கும் பொது. உடன் வைக்கும் கறியே ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துவது. 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அத்தகைய வான் ஒன்றின் முன்னே காத்து நின்ற வேளையில், மெய்யியல் பயிலும் மாணவி ஒருத்தி தன் தோழியருக்குப் பின்வரும் புதிரை ஆக்கிக் கொடுத்தாள்.

தச்சர், நூலக ஊழியர், ஓட்டுநர், மாணவி ஆகிய நால்வர் வரிசையில் நிற்கின்றனர். மீன், முட்டை, கோழி, மரக்கறி எனப் பார்சல் நால்வகை. ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையை வாங்கினர். வரிசையின் முதலாமவர் கோழியும் வாங்கவில்லை, மீனும் வாங்கவில்லை. தச்சருக்கு அடுத்து நின்றவர் மரக்கறி வாங்கினார். கோழி வாங்கியவர் ஓட்டுநர். மாணவி ஓட்டுநருக்குப் பின்னால் எங்கோ நின்றாள். நூலக ஊழியர் முட்டை வாங்கவில்லை. அவ்வாறாயின், மாணவி வாங்கியது யாது?

தோழியருள் ஒருத்தி உடனே “மரக்கறி” என்றாள். மாணவியின் பணப்பை அதற்குமேல் தாங்காது என்பது அவள் கூறிய காரணம். உலக வழக்கிற்கு அது ஒத்த ஊகமே. ஆனாற் புதிரில் அதற்கு ஆதாரமில்லை. மற்றொருத்தி கட்டம் கீறினாள். முதலாமவர்க்குக் கோழியும் மீனும் இல்லையென்பது வெளிப்படை. மரக்கறி வாங்கியவருக்கு முன்னே தச்சர் நின்றாராதலின், முதலாமவர்க்கு மரக்கறியும் இல்லை. எஞ்சியது முட்டை. நூலக ஊழியர் முட்டை வாங்கவில்லை. ஓட்டுநர் வாங்கியது கோழி. மாணவியோ ஓட்டுநருக்குப் பின்னால் நின்றவள். ஆகவே மூவரும் முதலாமிடத்திற்கு உரியரல்லர். முட்டை வாங்கி முதலில் நின்றவர் தச்சரே.

இவ்வளவு தெளிந்தபின் ஏனையவை தாமே அவிழும். தச்சர் முதலாமவர் எனவே, இரண்டாமவர் வாங்கியது மரக்கறி. அவர் ஓட்டுநர் அல்லர். ஓட்டுநர் நான்காமவராயின் அவருக்குப் பின்னால் மாணவி நிற்க இடமில்லை. ஆதலின் ஓட்டுநர் மூன்றாமவர், மாணவி நான்காமவள், மரக்கறி வாங்கிய இரண்டாமவர் நூலக ஊழியர். எஞ்சிய மீன் எஞ்சிய மாணவிக்கு உரியது. மாணவியையும் மீனையும் இணைத்து ஒரு சொல்லேனும் புதிரிற் சொல்லப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. மற்றெல்லா வழிகளும் அடைபட்டமையாலேயே அவ்வுண்மை வெளிப்பட்டது.

இம்முறையைத் தமிழ் மரபும் அறியும். சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியார் பலர் கொண்ட அளவைகளை எண்ணுமிடத்து ‘ஒழிபு’ என்பதும் ஒன்றாகும். வடமொழியார் அதனைப் பாரிசேடம் என்பர். இருக்கக்கூடியவற்றுள் ஒவ்வொன்றாக ஒழித்து, எஞ்சியதனைத் துணிதல் அதன் இயல்பு. சித்தியார் அதனைத் தனியே நிறுத்தாது, காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்கிக் காட்டும்.

ஒழிபளவைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட பட்டியல் முழுமையானதாய் இருத்தல் வேண்டும். நால்வரே நின்றனர், நால்வகையே இருந்தன என்ற உறுதி இல்லையெனில், எஞ்சியது மீன் என்ற முடிவும் நில்லாது. புதிரை ஆக்குபவர் அவ்வுறுதியைத் தாமே தந்துவிடுகின்றார். வாழ்க்கை அதனைத் தருவதில்லை.

கட்டம் கீறி விடை கண்டவள் அன்று பார்சல் வாங்கவில்லை. “எனக்குப் பசியில்லையடி” என்றாள். முந்திய இரு நாள்களும் அவள் கூறியது அதுவே. புதிரை ஆக்கியவள் அதனை அப்போதுதான் கவனித்தாள். விரதமோ எனின், தொடர்ந்து மூன்று நாள் விரதமிருக்கும் வழக்கம் அவளுக்கில்லை. நோயோ எனின், முதல்நாள் மாலைவரை வலைப்பந்து ஆடியவள் அவள். வீட்டுச் சோறு கொண்டுவந்தாளோ எனின், அவள் வீடு ஒருநாட் பயணத் தொலைவில் உள்ளது, தங்கியிருந்ததோ விடுதியில். எஞ்சியது ஒன்றே.

அக்காலத்து நிலைமையை அறிந்தோர்க்கு அது வியப்பளிக்காது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் உணவு விலைகள் முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் 94.9 வீதம் உயர்ந்திருந்தன. சமையல் எரிவாயுவுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டும் அதுவே. சோற்றுப் பார்சலின் விலை ஏறியபோது வீட்டிலிருந்து வரும் பணம் அதனோடு சேர்ந்து ஏறவில்லை. மாணவியின் பணப்பையைப் பற்றி முதலில் ஊகித்தவள் புதிரிலே தவறினாள்; புதிருக்கு வெளியே அவளது ஊகம் உண்மைக்கு மிக அண்மையில் நின்றது.

மறுநாள் தோழியர் இருவரும் ஆளுக்கொரு பார்சல் வாங்கினர். மரத்தடியிலே இரண்டையும் விரித்து, மூன்றாமவளையும் அருகில் அமர்த்தினர். ஏன் சாப்பிடவில்லை என்று எவரும் கேட்கவில்லை. விடை தெரிந்த வினாவைக் கேட்பது அளவையியலிற் குற்றமன்று. நட்பிற் சில வேளைகளிற் குற்றமாகும். தவணை முடியும்வரை அவ்வழக்கம் தொடர்ந்தது.

வரிசையில் நிற்போரை வைத்துப் புதிர் ஆக்கலாம். அவர்களை எண்ணிக் கணக்கும் பார்க்கலாம். வரிசைக்கே வராதவர் எந்தக் கட்டத்திலும் இடம்பெறார். அவர்மீது புள்ளடிகூட விழுவதில்லை. அத்தகையோர் ஒவ்வொரு வகுப்பிலும் விடுதியிலும் உளர். அளவையியல் கற்றோர் எஞ்சியது யாது என்று வினவப் பழகியவர்கள். பட்டியலில் விடுபட்டவர் யார் என்று வினவுதலும் அவர்கள் கடனேயாகும்.