சிறுநீர்க் கசிவும் பள்ளிவாசலின் வாசற்படியும்



நம் குடும்பங்களுக்குள் பேசப்படாமலேயே போய்விடுகிற ஒரு சிரமத்தைப் பற்றி இங்கு எழுதுகிறோம். நாங்கள் கவரைப்பேட்டையில் வாழும் கணவனும் மனைவியும். பிள்ளைகளின் கூச்சத்தை எண்ணியே எங்கள் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறோம். மற்றபடி இதில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை என்பதே நாங்கள் கற்றுக்கொண்ட பாடம்.

எங்களில் கணவர் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் ஷிப்டு வேலை பார்ப்பவர். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ளவர். அந்நோய் நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் தாக்கியதால் இல்லற வாழ்வு இயலாமற்போயிற்று. மாத்திரையும் ஊசியும் பயன் தரவில்லை. இருவரும் கலந்து பேசி, மார்க்கமறிந்தவரிடமும் கேட்டுத் தெளிந்த பிறகு, சென்னையில் ஆண்குறி உள்வைப்பு அறுவைச் சிகிச்சைக்கு முடிவு செய்தோம். இம்ப்ளாண்ட் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

இச்சிகிச்சை புதியதன்று. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணியாற்றிய பிராண்ட்லி ஸ்காட் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும், நீர் நிரம்பி விரியும் வகையை 1973-ல் அறிமுகப்படுத்தினர். வளைத்து வைக்கக்கூடிய கம்பி வகையும் உண்டு. நம் நாட்டில் மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த கம்பி வகை, செலவு குறைந்தது என்பதால் பலருக்கும் எட்டுகிறது. எங்களுக்குப் பொருத்தப்பட்டதும் கம்பி வகையே.

அறுவை நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். அதன் பிறகுதான் நாங்கள் எதிர்பாராத மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீர்த் தாரை இரண்டாகப் பிரிந்து காலில் தெறித்தது. உணர்வு வந்தால் அடக்க முடியவில்லை. கழித்துவிட்டு எழுந்த பின்னும் சில துளிகள் கசிந்து கைலியை நனைத்தன.

வலியைத் தாங்கிக்கொண்ட மனிதரை இந்தத் துளிகள் நிலைகுலையச் செய்தன. சிறுநீரிலிருந்து தம்மைப் பேணிக்கொள்ளாத ஒருவர் கப்றில் வேதனை செய்யப்படுவதைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் சிறுவயதிலிருந்தே அவர் மனத்தில் பதிந்திருந்தது. ஒரு வக்துக்கு மூன்று முறை கைலி மாற்றினார். ஒளு செய்வார், ஐயம் வரும், மீண்டும் ஒளு செய்வார். பள்ளிவாசலின் விரிப்பில் நஜிஸ் பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் ஜமாஅத்தும், பின்னர் ஜும்ஆவும் நின்றுபோயின. இல்லறத்தைச் சீர்ப்படுத்தச் செய்த சிகிச்சை எங்களுக்குள் ஒரு மௌனத்தை வளர்த்தது. வாடை வருமோ என்று அவர் தனியே பாய் விரித்துப் படுத்தார்.

சிறுநீரகவியல் மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் படம் வரைந்து விளக்கினார். உள்வைப்பின் இரு தண்டுகளும் ஆண்குறியின் மேற்பகுதியில் உள்ள இரு அறைகளில் அமைகின்றன. சிறுநீர் வரும் பாதை அவற்றின் கீழே தனியாகச் செல்கிறது. ஆகவே சிறுநீரை அடக்கும் தசையை இந்த அறுவை பொதுவாகத் தொடுவதில்லை. குழாய் உரசியதால் உண்டான எரிச்சலும் அறுவையின் வீக்கமும் தாரையைப் பிளக்கும். அவசர உணர்வைத் தூண்டும். இவை பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். நீர் நிரம்பும் வகையில் அடிவயிற்றில் வைக்கப்படும் சிறு பை சிலருக்குச் சிறுநீர்ப்பையை அழுத்துவதும் உண்டு.

நாட்கள் சென்ற பின்னும் கசிவு நீடித்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்றார் அவர். புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக அகற்றியவர்களுக்கு அந்த அறுவையாலேயே கசிவு ஏற்படலாம். நெடுநாள் சர்க்கரை நோயில் சிறுநீர்ப்பை உணர்விழந்து முழுவதும் காலியாகாமல் நிரம்பி வழியலாம். ஸ்கேன் எடுத்ததில் எங்கள் கதை இந்த இரண்டாவது வகை என்று தெரிந்தது. உள்வைப்புக்கு முன்பே தொடங்கிய கோளாறு அதன் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

மருத்துவர் சொன்ன வழிகள் எளியவை. உணர்வு வரும்வரை காத்திராமல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிக்க வேண்டும். எங்களுக்குத் தொழுகை நேரங்களே கடிகாரமாயின. நீண்ட இடைவெளிகளில் இன்னும் ஓரிரு முறை சேர்த்துக்கொண்டோம். உட்கார்ந்து கழித்தால் பிரிந்த தாரையும் தெறிக்காது; அது நபிவழியும்கூட. முடிந்ததும் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை கழித்து, விதைப்பைக்குப் பின்னால் விரலால் மெல்ல முன்னோக்கி நீவினால் தங்கிய துளிகள் வெளியேறும். காற்றை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் புண் ஆறி மருத்துவர் அனுமதித்த பின் தொடங்கினோம். 1948-ல் ஆர்னால்டு கீகல் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே அப்பயிற்சி வழங்குகிறது. கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கக் கூடாது. சிறுநீர் அடர்ந்தால் எரிச்சல் கூடும். தேநீரையும் காப்பியையும் குறைத்தால் போதும்.

பரிசோதனைக்குச் சென்னை செல்வதும் ஒரு சோதனையாகவே இருந்தது. கவரைப்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். புறநகர் மின்ரயிலில் கழிப்பறை கிடையாது. வீட்டிலேயே கழித்துவிட்டு, உறிஞ்சும் பேடு அணிந்து, மாற்றுத் துணியுடன் புறப்படுவதைப் பழக்கமாக்கினோம். பேடு அணிவது பெண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி ஆண்கள் தயங்கத் தேவையில்லை.

உடலுக்கு வழி கிடைத்தது. தொழுகைக்கு வழி கேட்க அவருக்கு நா எழவில்லை. அப்போதுதான் அலீ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. இச்சைநீர் அடிக்கடி வெளிப்படும் நிலை அவர்களுக்கு இருந்தது. நபி (ஸல்) அவர்களின் மகளை மணந்திருந்ததால் நேரில் கேட்க வெட்கப்பட்டு, மிக்தாத் (ரலி) அவர்களைக் கேட்கச் சொன்னார்கள். உறுப்பைக் கழுவி ஒளு செய்யுமாறு விடை வந்தது. வெட்கம் அவர்களிடமும் இருந்தது. ஆனால் அந்த வெட்கம் கேள்வியை நிறுத்திவிடவில்லை, வேறொருவர் வழியாக அனுப்பிவைத்தது. நாங்களும் மைத்துனர் வழியாக ஹஜ்ரத்திடம் கேட்டோம்.

கணவர் வீட்டார் ஹனஃபி. மனைவியின் பிறந்தகம் காயல்பட்டினம், ஷாஃபிஈ. ஆதலால் இரண்டையும் கேட்டோம். ஒளு செய்து பர்ளு தொழும் அளவுக்குக்கூட இடைவெளியின்றி ஒரு வக்து முழுவதும் கசிவு தொடர்ந்தால், அவர் உத்ருடையவர் என்பது ஹனஃபி சட்டம். பின்வரும் ஒவ்வொரு வக்திலும் ஒருமுறையேனும் கசிவு காணும்வரை அந்நிலை நீடிக்கும். அவர் ஒவ்வொரு வக்துக்கும் ஒளு செய்தால், அந்தக் கசிவு மட்டும் வக்து முடியும்வரை ஒளுவை முறிக்காது. ஷாஃபிஈ சட்டப்படி, ஓயாத கசிவுள்ளவர் வக்து வந்த பின் கழுவி, துணியோ பேடோ வைத்து, ஒளு செய்து தாமதமின்றித் தொழ வேண்டும். ஒரு ஒளுவுக்கு ஒரு பர்ளு, நஃபில்கள் எத்தனையும் தொழலாம். இரண்டு மத்ஹபுகளிலும், எப்போதாவது சில துளிகள் கசிந்து நின்றுவிடுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் நின்ற பிறகு சுத்தம் செய்து ஒளு எடுக்க வேண்டும். விரிப்பில் படாதவாறு காத்துக்கொண்டால் இரு வகையினரும் பள்ளிவாசலுக்கு வரலாம்.

ஹஜ்ரத் இன்னொன்றும் சொன்னார். வஹியை எழுதியவர்களுள் ஒருவரும் குர்ஆனைத் தொகுக்கும் பணியை ஏற்றவருமான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு முதுமையில் சிறுநீர் அடங்காத நோய் இருந்ததாக அறிவிப்பு உள்ளது. இயன்றவரை மருத்துவம் செய்தார்கள். அது மீறியபோது ஒளு செய்து தொழுதார்கள். இதைக் கேட்டபோது எங்கள் வீட்டில் நெடுநாள் இருந்த பாரம் இறங்கியது. கப்று வேதனை பற்றிய எச்சரிக்கை அலட்சியமாக இருப்பவருக்கு உரியது. துளிக்குத் துளி அஞ்சிக் கழுவுகிறவரைத் தொழுகையிலிருந்து விரட்ட அது வரவில்லை. மார்க்கத்தில் அல்லாஹ் நெருக்கடியை வைக்கவில்லை என்பதை ஸூரத்துல் ஹஜ்ஜின் கடைசி வசனம் நமக்கு அறிவிக்கிறது.

கசிவு இன்றும் முழுமையாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர் கடைசி ஸஃப்பில், ஒளுச் செய்யும் இடத்துக்கு அருகில் நிற்கிறார். இரண்டு பாய்களும் மீண்டும் ஒன்றாகவே விரிக்கப்படுகின்றன.

இச்சிகிச்சை செய்துகொண்ட குடும்பங்களுக்குச் சில எச்சரிக்கைகள். காய்ச்சல், சீழ், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அறவே வராமை, தண்டின் முனை வெளியே தெரிதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேறு எந்த நோய்க்காகச் சிறுநீர்க் குழாய் போட வந்தாலும், உள்ளே உள்வைப்பு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டு ஆண் ஒருவர் காரணம் சொல்லாமல் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தினால், ஈமான் குறைந்துவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். உடலில் ஏதேனும் சிரமமா என்று மெல்லக் கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் அவருக்காக மருத்துவரிடமும் ஆலிமிடமும் நீங்கள் கேளுங்கள். மிக்தாத் (ரலி) அவர்கள் செய்தது அதுதான்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.