"எந்தப் படம் ஷூட்டிங் சார்?" - பேப்பர் மேப்போடு கிளம்பிய பாலவாக்கம் தம்பதி!

மாசி மாதத்துக் காலை. மணி ஆறரை. பாலவாக்கத்தில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சின்னத் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது ஒரு கேரவன். பால் பாக்கெட் போட வந்த பையன் முதலில் கேட்டான். கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா அடுத்துக் கேட்டார். வாக்கிங் முடித்துத் திரும்பிய மாடிவீட்டுக்காரரும் விடவில்லை.

"எந்தப் படம் ஷூட்டிங் சார்?"

ஈ.சி.ஆர் வாசிகள் இப்படிக் கேட்பதில் ஆச்சர்யமில்லை. ஷூட்டிங் பங்களாக்கள் நிறைந்த சாலை அது. கேரவன் என்றால் உள்ளே ஹீரோவோ, ஹீரோயினோ மேக்கப் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நமக்குப் பழக்கம். அன்று அதில் ஏறியவர்களோ, 67 வயது ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும், அவர் மனைவியான 62 வயது ஓய்வுபெற்ற தமிழ் டீச்சரும்.

டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊரும்மா போடணும் மேப்புல?"

டீச்சர் மடியில் இருந்த காகித வரைபடத்தைப் பிரித்தார். "தெக்கே போப்பா. மீதியை அப்புறம் சொல்றேன்."

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த சாருக்கு வயிற்றைக் கலக்கியது.

120-வது நாள் காலை 8 மணி

சார் சாதாரணமாகத் திட்டம் போடுகிறவர் அல்ல. ரயில் டிக்கெட் முன்பதிவு 120 நாள்களுக்கு முன்பே திறந்த காலத்தில், சரியாக அந்த நாள் காலை 8 மணிக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர். 2024 நவம்பரில் அதை 60 நாளாகக் குறைத்தபோது, சொந்த வீட்டில் ஏதோ இழப்பு நடந்ததைப்போல வருத்தப்பட்டவர். காசி போனாலும் கன்னியாகுமரி போனாலும் கையில் டைரி இருக்கும். எத்தனை மணிக்குக் காபி, எத்தனை மணிக்கு தரிசனம், எத்தனை மணிக்கு ஆட்டோ... எல்லாம் அதில் இருக்கும்.

"முப்பது வருஷம் ஊர் ஊராச் சுத்தியிருக்கோம். எந்த இடத்துலயும் நான் ஆசைப்பட்டு பத்து நிமிஷம் கூடுதலா நின்னதில்லை" என்பார் டீச்சர். குறையாகச் சொல்வதில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எட்டு மாதங்களுக்கு முன்னால் சாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அதன் பிறகு எல்லாம் நல்லபடியாகவே போனது. தினமும் அரை மணி நேரம் நடக்கலாம், வெளியூர் போகலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சார்தான் போகவில்லை. நடை மொட்டைமாடியோடு நின்றது. வெளியே கிளம்பினால் செக்கப், இல்லாவிட்டால் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில். அவ்வளவுதான் அவர் உலகம்.

திட்டம் போடுவதை மட்டும் விடவில்லை. கொடைக்கானல், திருச்செந்தூர், மைசூர் என்று டைரியில் பக்கங்கள் நிரம்பின. ஒவ்வொன்றும் ஒரே கேள்வியில் போய் நின்றது. "ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க வலி வந்தா என்ன பண்றது?"

டீச்சருக்கு ஸ்டென்ட் பயம் போய்விட்டது. அந்த நாற்காலிதான் பயமாக இருந்தது. இனி இவர் அதிலிருந்து எழுந்திருக்கவே மாட்டாரோ?

கேரவன் யோசனை அப்படித்தான் வந்தது. வெளிநாடுகளில் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். நம் ஊரில் பெரும்பாலும் வேனுக்குள்ளேயே அறை இருக்கும் கேரவன்தான், டிரைவரோடு வாடகைக்கு வருகிறது. கேரளா 2021-ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடமுண்டு.

டீச்சர் இதையெல்லாம் கணவரிடம் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். "ரூம் புக் பண்ணலை, டிக்கெட் போடலை. எந்த நிமிஷம் வேணாம்னு தோணுதோ, அந்த நிமிஷம் வண்டியைத் திருப்பிடலாம்ங்க."

சார் சம்மதித்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

பொட்டு வைத்த வரைபடம்

திட்டமில்லாமல் கிளம்புவது வேறு, தயாராகாமல் கிளம்புவது வேறு. டீச்சருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின இரவு, சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். பெரிய அரசு மருத்துவமனை இருக்கும் ஊர்களில் எல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு. செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், புதுச்சேரி. "எங்கே இருந்தாலும் ஒரு பொட்டுக்கு ஒரு மணி நேரத்துல போயிடணும். அதைத் தாண்ட மாட்டோம்" என்றார்.

இன்னும் மூன்று விதிகள். மாலை நாலரைக்கு மேல் வண்டி ஓடக் கூடாது. டீசல் பாதி டேங்குக்குக் கீழே இறங்கக் கூடாது. மாத்திரை இரண்டு செட்: ஒன்று பெட்டியில், ஒன்று ஹேண்ட்பேக்கில். இந்த நான்கையும் மீறாத வரை எங்கே வேண்டுமானாலும் போகலாம், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

செல்போனை வீட்டில் விட்டுவிடவில்லை. பெங்களூருவில் இருக்கும் மகளுக்குத் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு போன் என்று பேச்சு. மேப் ஆப் மட்டும் வேண்டாம் என்றார் டீச்சர். "அதுக்கு எங்கே போகணும்னு சொன்னாதான் வழி காட்டும். நமக்கே தெரியாதப்போ அது என்ன செய்யும்?"

வீட்டுக்குப் பின்னால் ஓடும் நீலக்கோடு

விரித்து வைத்த வரைபடத்தில்தான் அந்த நீலக்கோடு டீச்சர் கண்ணில் பட்டது. பக்கிங்ஹாம் கால்வாய்.

பாலவாக்கம்வாசிகளுக்கு அது புதிதல்ல. ஈ.சி.ஆருக்கும் ஓ.எம்.ஆருக்கும் நடுவே ஓடுகிறது. பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி. 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1877-78 பஞ்சகாலத்தில், நிவாரண வேலையாக நகரத்துக்குள் வெட்டி, வடக்கையும் தெற்கையும் இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகில் இந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தன. தெற்கே நூறு கிலோமீட்டருக்குப் பக்கமாக ஓடி, மரக்காணத்தில் முடிகிறது.

"முப்பது வருஷமா நம்ம வீட்டுக்குப் பின்னாடி ஓடுது. எங்கே போய் முடியுதுன்னு பார்த்ததே இல்லையே?" என்றார் டீச்சர். சேரும் இடம் முடிவாகிவிட்டது. எப்போது சேர்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

முதல் நாள் முட்டுக்காட்டில் இட்லி. கால்வாயும் கழிமுகமும் கலக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்றார்கள். மாமல்லபுரத்தில் கோயில்களை விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் சாலையில் கால்வாயின் மேல் இருக்கும் பாலத்துக்குப் போனார்கள். அங்கே தண்ணீர் தெளிவாக இருந்தது. "இது அதே கால்வாய்தானா?" என்று சார் இரண்டு முறை கேட்டார். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மணி நாலேகால். பக்கத்து ஊர் பெட்ரோல் பங்க்கில் அனுமதி கேட்டு, ஓரமாக வண்டியை நிறுத்தினார்கள். அங்கேயும் ஒருவர் ஜன்னலைத் தட்டினார். "எந்தப் படம் சார்?"

சாருக்கு இரவு தூக்கம் வரவில்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தியாவையே அளந்த பெரிய சர்வே வேலை, 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் நடுவே, சுமார் 12 கிலோமீட்டர் நேர்கோட்டை அளந்ததில் இருந்துதான் தொடங்கியது என்று எப்போதோ படித்திருந்தார். இரண்டு இடங்களும் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அன்று இரவு அந்த இரண்டையும் வரைபடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தார். டைரியை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் பாலாற்றைத் தாண்டி, இடைக்கழிநாட்டுக்குள் வண்டி நுழைந்ததும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கடல், இடையில் நாடு. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார், இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அதில் வரும் எயிற்பட்டினம், இன்றைய மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

"ஆற்றுப்படைன்னா என்னப்பா? போய்ப் பரிசு வாங்கிட்டு வந்தவன், எதிரே வர்றவனுக்கு வழி சொல்றது. அந்தக் காலத்து ரூட் மேப். இத்தனை வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் அந்த வழியில வந்ததே இல்லை" என்றார். டிரைவர் தம்பி தலையாட்டிக்கொண்டே கேட்டார், "அப்போ நாமளும் யாரையாச்சும் கேட்டுக்கலாமாம்மா?"

அன்று மதியம் ஆலம்பரைக் கோட்டையில் நேரம் போனது தெரியவில்லை. 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்த கோட்டையின் மிச்சம், கழிமுகத்தைப் பார்த்து நிற்கிறது. டீச்சர் ஆசை தீர உட்கார்ந்திருந்தார். சார் மணி பார்த்தார், ஆனால் எதுவும் சொல்லவில்லை.

புள்ளிக்கோட்டில் மாட்டிய வண்டி

மரக்காணத்தை நெருங்கும்போது மணி மூன்றே முக்கால். இரண்டு பக்கமும் உப்பளம். நீலக்கோடு முடியும் இடத்துக்குப் பக்கமாக, பிரதான சாலையிலிருந்து ஒரு சின்னக் கோடு பிரிந்து போவதை டீச்சர் பார்த்தார். "இதுல திரும்புப்பா."

"அம்மா, வண்டி போற ரோடு மாதிரித் தெரியலையே?"

"மேப்ல கோடு இருக்கே!"

அரை கிலோமீட்டர் போனதும் கோடு முடிந்துவிட்டது. எதிரே ஒரு சின்ன மதகு, பாதி இடிந்திருந்தது. மாட்டுவண்டி வேண்டுமானால் போகலாம். இருபுறமும் உப்புப் பாத்தி. திரும்ப இடமில்லை. போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. மணி நாலு பத்து.

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. பொட்டு, விதி, மாத்திரை எல்லாம் சரி. இந்த இடத்தில் இவருக்கு ஏதாவது ஆனால்? திரும்பிப் பார்த்தார். பின்சீட்டில் சார் இல்லை.

அவர் கீழே இறங்கி, வண்டிக்குப் பின்னால் போயிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "தம்பி, கண்ணாடியை நம்பாதே. என் கையை மட்டும் பாரு. வா... வா... லெஃப்ட்ல ஒடி... போதும், நேரா வா!"

உப்பு வாரிக்கொண்டிருந்த இரண்டு பேர் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் இடது சக்கரத்தைப் பார்த்துக்கொண்டார், இன்னொருவர் வலது. டீச்சர் முன்னால். அடி அடியாக அரை கிலோமீட்டர். நடுவில் ஒரு இடத்தில் கரை லேசாகச் சரிந்தது. சார் போட்ட சத்தத்தில் வண்டி அப்படியே நின்றது. கற்களைப் போட்டு மிதித்து, மறுபடி "வா... வா..."

பிரதான சாலைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தது. நாலரைக்கு நிறுத்தவேண்டும் என்ற விதி எதற்கென்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. ஆறரை என்று வைத்திருந்தால், அந்தக் கரையில் இருட்டில்தான் நின்றிருப்பார்கள்.

கேரவன் படிக்கட்டில் உட்கார்ந்த சாருக்குச் சட்டை முழுக்க வியர்வை. டீச்சர் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வேகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. வலி ஏதும் இல்லை.

"என் தப்புங்க" என்றார்.

சார் வரைபடத்தை வாங்கி, கீழ் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினார். இரட்டைக்கோடு என்றால் சாலை. புள்ளிக்கோடு என்றால் வண்டித்தடம். "கோடு இருக்கான்னு பார்த்தே. என்ன கோடுன்னு பார்க்கலை. அவ்வளவுதான்."

உப்பளக்காரர்களில் பெரியவருக்கு ஒரே சந்தேகம். கேட்டும்விட்டார். "சார், எந்தப் படம் ஷூட்டிங்கு?"

"நம்ம படம்தான்" என்றார் சார்.

அதற்குள் சிக்னல் வந்துவிட்டது. மகளிடமிருந்து ஆறு மிஸ்டு கால்கள். டீச்சர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். சார் வாங்கிப் பேசினார். "ஒண்ணும் இல்லம்மா. வண்டியை ரிவர்ஸ் எடுத்துட்டு இருந்தோம்... இல்ல, நான் நடந்துதான் வந்தேன்... அரை கிலோமீட்டர் இருக்கும்." எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

மறுநாள் காலை, அந்தப் பெரியவர் சொன்ன வழியிலேயே போய், கால்வாய் முடியும் இடத்தைப் பார்த்தார்கள். அங்கே போர்டு இல்லை, கல்வெட்டு இல்லை. நீலத் தண்ணீர் அகன்று, கழியோடு கலந்துவிடுகிறது. நாலைந்து கொக்குகள் நின்றன. டீச்சர் முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தார். இந்த முறை அவசரப்படுத்த யாரும் இல்லை.

அன்று மாலை நாலு மணிக்கெல்லாம் பாலவாக்கம் வந்துவிட்டார்கள். கேரவன் கிளம்பிப் போன பிறகு, சார் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தை மறுபடியும் விரித்தார். கடைசிப் பொட்டு புதுச்சேரியில் இருந்தது. அதற்குக் கீழே கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, வேதாரண்யம் என்று கரை நீண்டுகொண்டே போனது.

"ஏம்மா, அந்தப் பொட்டு அட்டை எங்கே வெச்சே?"