நாளுக்கொரு நாழிகை

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, ஆண்டுதோறும் யாம் வகுப்பில் விரும்பி நடத்தும் பகுதியாகும். உடலோம்பும் நெறியை வள்ளுவப் பெருந்தகை எத்துணைச் சுருக்கமாக வகுத்துள்ளார் என மாணவர்க்கு வியந்து விளக்குவோம். அவ்வாறு விளக்கிய ஒரு நாளில், எம் குருதியில் சர்க்கரை மிகுந்துள்ளது எனக் கூறும் ஆய்வுத்தாள் எம் கைப்பையுள் மடிந்து கிடந்தது. அப்போது எமக்கு அகவை நாற்பத்து மூன்று.

யாம் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. எம் தாயார் எருமப்பட்டியில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். விடியலில் அடுப்பு மூட்டியது முதல் இரவில் பாத்திரம் துலக்கி முடிக்கும்வரை அமர்ந்தறியார். “நாளெல்லாம் வேலை செய்கிறேனே, எனக்கெதற்குத் தனியாக ஒரு நடை?” என்பார். பிள்ளைகளின் காலில் முள் தைத்தாலும் பதறிய அவர், தம் காலில் ஆறாதிருந்த புண்ணைப் பொருட்படுத்தவில்லை. சர்க்கரை நோய் முற்றி, வலக்காலின் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. இன்று அவர் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார்.

இஃது எம் இல்லத்துக் கதை மட்டுமன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 அகவைக்குட்பட்ட மகளிருள் மிகை எடை உடையோர் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. ஓய்வின்றி உழைக்கிறோம் என்னும் பெண்ணும் இக்கணக்கில் அடங்குகிறாள். வீட்டுவேலை உடலைக் களைப்புறச் செய்யும். ஆயினும் அக்களைப்பே உடலுக்குப் போதிய பயிற்சியாகிவிடாது.

நடப்பதென்று முடிவு செய்தோம். முடிவு செய்வது எளிது! சுபுஹுத் தொழுகை, இரு பிள்ளைகளின் உணவுப் பெட்டிகள், ஏழரை மணிப் பேருந்து, வகுப்புகள், மாலையில் வீட்டுப்பாடம், இரவில் விடைத்தாள் கட்டு. இவற்றினிடையே நாளும் ஐந்து கிலோமீட்டர் நடக்கத் துணிந்தோம். பதினொரு நாள் நடந்தோம். பன்னிரண்டாம் நாள் இளையவனுக்குக் காய்ச்சல். மறுமுறை புதுக் காலணி வாங்கித் தொடங்கினோம், தேர்வுக்காலம் வந்தது. காலணி வாசலில் தூசி படிந்து கிடந்தது.

சோர்ந்திருந்த அந்நாளில் படித்த ஒரு செய்தி எம்மை நிமிரச் செய்தது. ஜெரி மோரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர், இலண்டன் போக்குவரத்துப் பணியாளருள் ஏறத்தாழ 31,000 ஆடவரை ஆராய்ந்து, 1953-இல் முடிவுகளை வெளியிட்டார். நாள்முழுதும் அமர்ந்தே பேருந்தைச் செலுத்திய ஓட்டுநரைவிட, ஈரடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்க்கு இதயநோய் குறைவாக இருந்ததாம். அவர் ஏறியவை உடற்பயிற்சிக் கூடத்துப் படிகளல்ல. அவர்தம் பிழைப்பிலேயே படிகள் இருந்தன. எம் பிழைப்பிலும் படிகள் உண்டே எனத் தோன்றியது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கைகொடுத்தது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் கொள்ளவேண்டும். இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது அது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது இயங்கினால்தான் பயன் என்னும் முந்தைய வரம்பும் அதில் இல்லை. கணக்கிட்டுப் பார்த்தோம். நம் முன்னோரின் ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம்; நாளுக்கொரு நாழிகை எனில் வாரத்திற்கு 168 நிமிடம்! ஐந்து கிலோமீட்டரைக் கைவிட்டோம், நாழிகையைப் பற்றிக்கொண்டோம். காலையில் தெருவில் அரை நாழிகை, மாலையில் ஒரு நிறுத்தம் முன்னரே இறங்கி அரை நாழிகை. கல்லூரியில் இரண்டாம் தளத்திலுள்ள வகுப்பிற்குப் படியேறுவதைச் சலிப்பாகக் கருதுவதை விட்டோம். வாரம் இருநாள், நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சி.

இரண்டு தடைகள் எஞ்சின. முதலாவது, ஊரார் பார்வை. பெரியவர் ஒருவர் எம் அத்தாவிடம், “மகள் விடியற்காலையில் தனியே நடக்கிறாரே, வீட்டில் ஏதும் சங்கடமா?” என அக்கறையோடு வினவினார். அத்தா சிரித்தார். “சங்கடம் வந்துவிடக் கூடாதென்றுதான் நடக்கிறாள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகியோடு ஓட்டப்பந்தயமே ஓடியிருக்கிறார்களே, நமக்கு நடப்பதில் என்ன?” என்றார். மறுவாரமே அப்பெரியவரின் மருமகளும் எம்மோடு நடக்கத் தொடங்கினார்.

இரண்டாவது தடை, அடுப்படி. யாம் நடக்கும் அரை நாழிகையில் தோசைக்கல்லை யார் பார்ப்பது? நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கராகப் பணிபுரியும் எம் துணைவர், முதலில் “ஞாயிற்றுக்கிழமை நடந்தால் போதாதா?” என்றார். மறுமொழியாக அம்மாவின் காலைச் சுட்டினோம். மறுநாள் அவரே தோசை ஊற்றினார்; முதல் மூன்றும் கிழிந்தன. இப்போது கிழிவதில்லை. மகன் பாய்களை மடிக்கிறான். மகள் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்புகிறாள். யாம் திரும்பியதும் துணைவர் தம் நாழிகைக்குப் புறப்படுகிறார். பணிபுரியும் தாயின் மனவுறுதி என்பது அவள் நெஞ்சில் மட்டும் இருப்பதன்று. வீட்டார் பகிர்ந்துகொள்ளும் வேலையிலும் இருக்கிறது. இதனை உணர எமக்கு ஈராண்டு பிடித்தது.

பயன் என்ன எனக் கேட்பீர். சர்க்கரை அளவு குறைந்துள்ளது, நோய் நீங்கிவிடவில்லை. மருத்துவர் சொற்படி மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் முன்பு நாமக்கல் கோட்டைப் பாறையில் பாதிவழியில் மூச்சிரைத்து அமர்ந்தபோது, மகள் இறங்கிவந்து எம் கையைப் பற்றிக் கீழே அழைத்துச் சென்றாள். சென்ற விடுமுறையில் ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுள்ள அப்பாறையின் உச்சியில் இருவரும் சேர்ந்தே நின்றோம்.

2023-இல் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தின்வழி மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தது. நன்று. அப்பாதைவரை செல்ல நேரமில்லாத தாய்க்குத் தெருவே நடைபாதையாகட்டும். மாணவச் செல்வங்களே, உங்கள் அன்னை நாளை அரை நாழிகை நடப்பதற்கு நீங்கள் எந்த வேலையை ஏற்கப்போகிறீர்கள்? ஊர்ப் பெரியோர்களே, விடியலில் நடந்துவரும் மகளிரைக் கண்டால் ஒரு ஸலாம் சொல்லி வாழ்த்துங்கள்.

நாள்தோறும் எம் பெற்றோர் வீட்டைக் கடந்தே நடக்கிறோம். திண்ணை நாற்காலியில் அமர்ந்திருக்கும் எம் தாயார், யாம் ஒருநாள் வரத் தவறினாலும் பேரனை அனுப்பிக் கேட்கிறார்: “இன்று உன் அம்மாவின் நாழிகை என்ன ஆயிற்று?”