தணியாத ஒளி

எங்கள் வீட்டில் ஓர் அறைதான். இரவில் நால்வரும் அதிலேயே உறங்குவோம். காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும் வேலைக்காக அப்பா அதிகாலை மூன்று மணிக்கே எழுந்துவிடுவார்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் பழைய மடிக்கணினி ஒன்று எனக்குக் கிடைத்தது. உரிமக் கட்டணம் இல்லாத லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவினேன். யாவும் செம்மையாக இயங்கின; திரையின் ஒளி மட்டும் தணியவில்லை. ஒளிர்வைக் குறைக்கும் விசையை அழுத்தினால் திரையில் தோன்றும் அளவுகோல் இறங்கும், வெளிச்சமோ இறங்காது. நான் இரவில் கணினியைத் திறக்கும்போதெல்லாம் அப்பா முகத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். ஒரு சொல்லும் சொன்னதில்லை. அதுவே என்னை உறுத்தியது.

லினக்ஸின் உட்கருவை 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கப் பணமில்லாத எனக்கு, உள்ளே பார்க்கும் அந்த உரிமையே துணையாயிற்று.

இவ்வியங்குதளத்தில் வன்பொருளின் நிலையும் கோப்புகளாகவே காட்சி தரும். 'சிஸ்' என்னும் கோப்புறைக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பேக்லைட்'. அங்கே இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்று, கணினியின் ஃபர்ம்வேர் வழியே ஒளியை ஆள்வது; மற்றொன்று, வரைகலை இயக்கி வழியே நேராக ஆள்வது. இரண்டிலும் 'பிரைட்னஸ்' என்றொரு கோப்பு. அதனுள் ஓர் எண். விசையை அழுத்தியபோது முதற்கோப்பின் எண் மாறியது. இரண்டாம் கோப்பின் எண்ணோ 937 என்றே நின்றது. விசையும் பழுதில்லை; விளக்கும் பழுதில்லை. விசை இட்ட ஆணைதான் விளக்கைச் சென்று சேரவில்லை.

நிர்வாகி உரிமையுடன் இரண்டாம் கோப்பில் 200 என்று எழுதினேன். திரை உடனே மங்கியது. ஆயினும் விசை பழையபடியே இருந்தது. எனவே, கணினியைத் தொடங்கிவைக்கும் 'கிரப்' நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'ஏசிபிஐ பேக்லைட்' என்னும் அளபுருவுக்கு முதலில் 'வெண்டர்' என்னும் மதிப்பைக் கொடுத்துப் பார்த்தேன், பயனில்லை. பின்னர் 'நேட்டிவ்' என்று மாற்றி, கிரப் அமைப்பைப் புதுப்பித்து, கணினியை மீண்டும் இயக்கினேன். இப்போது பேக்லைட்டுக்குள் ஒரே கோப்புறைதான் இருந்தது. விசையை அழுத்தினேன், அளவுகோலோடு ஒளியும் படிப்படியாக இறங்கியது.

அன்று நள்ளிரவு ஒரு மணிவரை படித்தேன். அப்பா ஒருமுறைகூடப் புரண்டு படுக்கவில்லை.

விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டவர், வாசலில் நின்று கவலையோடு கேட்டார்: "ஏம்மா, நேத்து ராத்திரி படிக்கலையா?"